புத்தக ஓரத்துல "இப்பவும் இதேதான்"னு எழுதுற பழக்கம்

எனக்கு ஒரு பழக்கம் இருக்கு. வரலாறு படிக்கும்போது கையில ஒரு பென்சில் இருந்துட்டே இருக்கும், எங்கயாவது பழைய கதை நம்ம காலத்தோட ஒத்துப்போற மாதிரி பட்டா உடனே ஓரத்துல "இப்பவும் இதேதான்"னு எழுதிடுவேன். கொஞ்ச காலமா ஐரோப்பிய மறுமலர்ச்சி காலம், அதான் ரெனைசான்ஸ், அதைப் பத்தி பொது வாசகர்களுக்காக எழுதின புத்தகங்களா தேடித் தேடிப் படிச்சிட்டு இருக்கேன், அதுல என் பென்சில் படாத பக்கம் கம்மி.

இந்த வகைப் புத்தகங்கள்ல நிறைய ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது. அச்சு இயந்திரம்தான் அன்னைக்கு இன்டர்நெட், இத்தாலியில ஃப்ளோரன்ஸ் நகரத்து பேங்க் குடும்பமான மெடிசிதான் அன்னைக்கு டெக் கோடீஸ்வரங்க, பிளேக்தான் அன்னைக்குக் கோவிட், இப்ப புதுசா ஏஐ வந்ததுக்கப்புறம் அதையும் அச்சோட சேர்த்துக்கிறாங்க. இதைக் குத்தமா சொல்ல எனக்கு மனசு வரல, ஏன்னா அந்த ஒப்பீடுதான் என்னை உள்ள இழுத்துச்சு. ஆனா போன மாசம் பழைய புத்தகம் ஒண்ணை எடுத்து என்னோட குறிப்புகளை மட்டும் வரிசையா படிச்சுப் பார்த்தப்போ மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. முப்பது நாப்பது இடத்துல அதே ரெண்டு வார்த்தை. இப்பவும் இதேதான், இப்பவும் இதேதான். சரி, இதேதான்னா, அடுத்து என்ன? அந்தக் கேள்வியை நான் ஒரு இடத்துலகூட எழுதல. அதனால ஒவ்வொண்ணா திரும்பிப் போய்ப் பார்த்தேன், எது நிக்குது, எது தொட்டாலே உடையுதுன்னு.

அச்சுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுலதான் சரக்கு அதிகம்.

ஐரோப்பாவுல அச்சு முறையை உருவாக்கின குட்டன்பெர்க் 1455 வாக்குல ஜெர்மனியில மைன்ஸ் நகரத்துல பைபிளை அச்சடிச்சு முடிக்கிறாரு, சுமார் 180 பிரதி. நம்ம மனசுல இருக்கிற படம் என்னன்னா அந்த நாள்ல இருந்து உலகம் மாறிடுச்சுங்கிறதுதான். ஆனா அதே 1455-லயே அவருக்குக் கடன் கொடுத்த ஃபூஸ்ட் வழக்குப் போட்டு ஜெயிக்கிறாரு, பட்டறையோட பெரிய பங்கு கைமாறிப் போகுது, கண்டுபிடிச்ச மனுஷன் ஓரத்துக்குத் தள்ளப்படுறாரு. 1469-ல வெனிஸ் அரசாங்கம் யோஹான்னு ஸ்பேயர் நகரத்துக்காரர் ஒருத்தருக்கு, அந்த ஊர்ல அச்சடிக்க அஞ்சு வருஷம் தனி உரிமை குடுக்குது, அடுத்த வருஷமே அவர் செத்துப் போறாரு, உரிமையும் அவரோடயே போயிடுது, உடனே யார் வேணா வரலாம்னு கதவு திறந்துடுது. வந்தாங்க, குவிஞ்சாங்க, எல்லாரும் ஒரே மாதிரி லத்தீன் இலக்கியத்தையே அச்சடிச்சுத் தள்ளினாங்க, 1473-ல விக்காத புத்தகம் மலையா கிடந்து நிறைய அச்சகம் மூடிட்டாங்க. புதுத் தொழில்னு பணத்தைக் கொட்டி, வாங்க ஆள் இருக்காங்களான்னு பார்க்காம ஓடி, அப்புறம் ஒரே வருஷத்துல சரிஞ்சு விழுறது. இந்தப் பக்கத்துல நான் எழுதின "இப்பவும் இதேதான்"-ஐ இப்பவும் அழிக்க மாட்டேன், அது நிக்குது.

இந்த இடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டு பேர் வர்றாங்க, ரெண்டு பேரும் அச்சுக்கு எதிரா பேசினவங்க. ஒருத்தர் வெனிஸ்ல இருந்த ஃபிலிப்போ தெ ஸ்ட்ராட்டாங்கிற துறவி. பேனா ஒரு கன்னிப்பொண்ணு, அச்சு ஒரு வேசின்னு எழுதினாரு அவரு. படிப்பறிவு இல்லாதவங்க கையில அச்சு போயிடுச்சு, மலிவு விலையில கண்டதையும் அடிச்சு இளசுகளைக் கெடுக்கிறாங்க, அழகா கையால எழுதுற எழுத்தர்கள் வயித்துல அடிக்கிறாங்கன்னு அவருக்கு ஆத்திரம். இன்னொருத்தர் ட்ரித்தேமியஸ், ஸ்பொன்ஹைம் மடத்துத் தலைவர். 1492-ல கையெழுத்துப் பிரதி எழுதுறவங்களைப் புகழ்ந்து ஒரு நூலே எழுதுறாரு. தோல்ல எழுதினது ஆயிரம் வருஷம் நிக்கும், காகிதத்துல அச்சடிச்சது இருநூறு வருஷம் தாங்கினாலே பெருசுங்கிறாரு. அந்த நூலே 1494-ல அச்சாச்சு. முதல்ல படிச்சப்போ இவரைப் பார்த்து எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, இப்ப வரல. அந்த மனுஷன் சொல்ல வந்தது வேற. கையால ஒரு நூலைப் படியெடுக்கிறவன் ஒவ்வொரு வார்த்தையோடயும் உட்கார்ந்திருக்கான், அந்த உட்கார்றது போயிடுமேன்னு பயந்தாரு. அவரோட பயம் நியாயமானது. வேகம் வரும்போது எதை விட்டுட்டு வர்றோம்னு கேட்க ஒரு ஆள் வேணும், அந்தக் காலத்துல அவர் கேட்டாரு.

இன்னொரு பக்கம் ஆல்டஸ் மனூட்டியஸ். வெனிஸ்லதான், 1494 வாக்குல அச்சகம் தொடங்கினவரு, கிரேக்க நூல்களைக் காப்பாத்தி அச்சுல கொண்டு வரணுங்கிறதுதான் அவர் வாழ்க்கையே. 1501-ல பழைய ரோமானியக் கவிஞர் விர்ஜிலோட கவிதைகளை கையடக்கமா சின்ன அளவுல, சாய்ஞ்ச எழுத்துல போடுறாரு, நாம இன்னைக்கு இத்தாலிக்னு சொல்ற எழுத்து அங்க இருந்துதான் வருது, அந்த அச்சு எழுத்தை வெட்டினவர் பேரு ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அதுவரைக்கும் பாடம் படிக்கிறதுன்னா மேசை மேல பெரிய புத்தகத்தை விரிச்சு வெச்சு, சுத்தி விளக்கவுரை நெருக்கி அடிச்சிருக்க, அதைக் குனிஞ்சு படிக்கிறது. இவரு விளக்கவுரையை எல்லாம் எடுத்துட்டு மூலத்தை மட்டும் கையில குடுத்தாரு. நடந்துட்டே படிக்கலாம், மரத்தடியில படிக்கலாம். போட்ட கொஞ்ச நாள்லயே ஃப்ரான்ஸ்ல லியோன் நகரத்துல திருட்டுப் பதிப்பு வந்துடுச்சு, 1503-ல அவரு ஒரு எச்சரிக்கை அடிச்சு, அந்தப் போலிகள்ல என்னென்ன பிழை இருக்குன்னு விவரமா போட்டாரு. அதைப் படிச்சுப் பார்த்து லியோன்காரங்க தங்களோட பிழையை எல்லாம் திருத்திக்கிட்டாங்களாம்.

இதுவரைக்கும் அச்சு பத்தின கதை நல்லாத்தான் இருக்கு. அறிவு பரவுச்சு, விலை குறைஞ்சது, ஆரம்பத்துல கொஞ்சம் குழப்பம், அப்புறம் எல்லாம் சரியாச்சு. முன்னுரைகள் எல்லாம் இந்த வரியைத்தான் இழுத்துட்டு வந்து, அதனால இன்டர்நெட்டும் சரியாயிடும், ஏஐயும் சரியாயிடும்னு முடிக்கும். நானும் நம்பினேன். ட்ரெண்ட் நகரத்துக் கதையைப் படிக்கிற வரைக்கும்.

1475, ஈஸ்டர் நேரம், வட இத்தாலியில ட்ரெண்ட். சிமோன்னு ஒரு சின்னக் குழந்தை காணாம போய், உடம்பு ஒரு யூதக் குடும்பத்து வீட்டுக்கு அடியில ஓடுற தண்ணியில கிடைக்குது. யூதர்கள்தான் சடங்குக்காகக் கொன்னாங்கன்னு, பல நூறு வருஷமா சுத்திட்டு இருந்த பழைய பொய்யைத் தூக்கி அவங்க தலையில போடுறாங்க. ஆயரா இருந்த ஹிண்டர்பாக் அந்த சமூகத்து ஆண்களைப் பிடிச்சு சித்திரவதை பண்ணி வாக்குமூலம் வாங்குறாரு, கொன்னுடுறாங்க. இந்த மாதிரி பழி இதுக்கு முன்னாடியும் நடந்திருக்கு. ஆனா இந்த முறை கையில அச்சு இருந்துச்சு. அந்த நகரத்துலயே அதே வருஷம் சிமோன் கதை அச்சாகுது, கவிதையா, கதையா, படமா ஜெர்மன் பகுதிக்கும் இத்தாலிக்கும் போகுது. ரோம்ல இருந்து விசாரிக்க வந்த பாப்பரசரோட பிரதிநிதி யூதர்கள் மேல தப்பு இல்லைன்னு சொல்றாரு, அது எடுபடவே இல்ல. 1493-ல நியூரம்பெர்க்ல வந்த பெரிய உலக வரலாற்று நூல்ல அந்தக் குழந்தையோட படம் மரக்கட்டை அச்சுல இருக்கு, அந்தக் காலத்தோட மிகப் பெரிய படப் புத்தகங்கள்ல அது ஒண்ணு. அந்தக் குழந்தையைப் புனிதனா கும்பிட்ட வழிபாட்டை கத்தோலிக்கத் திருச்சபை ரத்து பண்ணது எப்ப தெரியுமா? 1965. நானூத்தித் தொண்ணூறு வருஷம்.

அந்தப் பக்கத்துல புத்தகத்தை மூடி வெச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "ஆரம்பக் குழப்பம், அப்புறம் சரியாச்சு"ன்னு ஒரு வரியில தாண்டிப் போற விஷயமா இது? யாருக்குச் சரியாச்சு? அந்த வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணுமே சரியாகல. நாம இருக்கிற காலத்துல ஒரு வதந்தி ஃபார்வேர்ட் ஆகி, அதை நம்பி ஒரு கூட்டம் கிளம்பி, அப்பாவி உயிர் போனதுக்கப்புறம் "உண்மை என்னன்னா"ன்னு மறுப்புச் செய்தி வருதே, அதைப் பார்த்துட்டு இருக்கிற நமக்கு இந்தக் கதை புதுசில்ல. ஆனா ஒப்பிடணும்னா அச்சு உலகத்தை மாத்துச்சுங்கிறதோட இதையும் சேர்த்துதான் ஒப்பிடணும். ரெண்டும் ஒரே இயந்திரத்துல, ஒரே மையில வந்தது.

இதோட சேர்த்து நான் எப்பவும் நினைக்கிற இன்னொரு கதை இத்தாலிய மொழி அறிஞர் லொரென்ஸோ வாலாவோடது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நாலாம் நூற்றாண்டுல பேரரசோட மேற்குப் பகுதியை பாப்பரசருக்கு எழுதிக் குடுத்துட்டதா ஒரு ஆவணம் இருந்துச்சு, அதைக் காட்டித்தான் பல நூறு வருஷமா அரசியல் நடந்துச்சு. 1440-ல வாலா அதை மொழியை வெச்சே பொய்னு நிரூபிக்கிறாரு. இந்த வார்த்தை அந்தக் காலத்து ரோமன் வாயில வராது, "சட்ராப்"ங்கிற பாரசீகப் பதவிப் பேரு ரோம் அரசாணையில எப்படி வரும், கான்ஸ்டான்டினோபிள் நகரமே இன்னும் உருவாகாதப்போ அதோட பேரு எப்படி இதுக்குள்ள வந்துச்சுன்னு ஒவ்வொண்ணா பிடிச்சு உலுக்குறாரு. அது எட்டாம் நூற்றாண்டு வாக்குல யாரோ எழுதினதுன்னு இன்னைக்கு நமக்குத் தெரியும். வாலாவுக்கு முன்னாடியே கூசா நிக்கோலஸ்ங்கிற திருச்சபை அறிஞர் சந்தேகப்பட்டாரு, ஆனா வரிக்கு வரி அறுத்துக் காட்டினது வாலாதான். இதை அவர் எழுதினப்போ பாப்பரசரோட சண்டையில இருந்த அரகோன் ராஜா அல்ஃபோன்ஸோகிட்ட வேலையில இருந்தாரு, அதையும் சொல்லிடணும், ஏன்னா உண்மையைத் தேடுறவனுக்கும் சம்பளம் ஒரு பக்கத்துல இருந்துதான் வருது. அதனால அவர் கண்டுபிடிச்சது பொய்யாயிடாது.

இப்ப கணக்குப் பாருங்க. வாலா எழுதினது 1440. உல்ரிக் ஃபான் ஹுட்டன்ங்கிற ஜெர்மன் எழுத்தாளர் அதை அச்சுல போட்டு பரவலா ஆளுங்க கைக்குப் போகுறது 1517-க்கு அப்புறம். பாப்பரசரை எதிர்த்துக் கிளம்பின ஜெர்மன் துறவி லூதர் 1520-ல படிச்சு அதிர்ந்து போறாரு. எழுதினதுல இருந்து எண்பது வருஷம். ட்ரெண்ட் பொய் அச்சேற அதே வருஷம் போதும். வாலா அச்சுக்கு முன்னாடி எழுதினவரு, ரெண்டையும் ஒரே தராசுல வெக்க முடியாதுன்னு நீங்க சொல்லலாம், சரிதான். ஆனா அச்சு வந்ததுக்கப்புறமும் அறுபது வருஷத்துக்கு மேல அவரோட வாதத்தைப் பரப்ப பெருசா யாரும் முன்வரலங்கிறதுதான் என்னை உறுத்துது. அச்சகம் ரெடியா இருந்துச்சு, காகிதம் இருந்துச்சு, பொய்யைப் பொய்னு சொல்ற நூலுக்கு மட்டும் அவசரம் இல்ல. 1517-ல தேவை வந்துச்சு, ஏன்னா அப்ப அதை ஆயுதமா பயன்படுத்த, திருச்சபைக்கு எதிரா லூதர் ஆரம்பிச்ச சண்டை வந்துடுச்சு.

இதுக்கு நேர் எதிரா ஒரு ஆளு, விட்டெர்போ நகரத்து அன்னியஸ். 1498-ல ரோம்ல ஒரு பெரிய தொகுப்பு வெளியிடுறாரு, காணாம போன பழைய பாபிலோனிய, எகிப்திய ஆசிரியர்களோட நூல்கள் கிடைச்சிருக்குன்னு. எல்லாமே அவரே எழுதினது. அதுல என்னை ஆச்சரியப்படுத்தினது, எந்த ஆதாரத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாதுன்னு அவரே விதிமுறையும் எழுதி வெச்சாரு, அந்த விதிப்படி பார்த்தா அவரோட போலி நூல்கள்தான் ரொம்ப நம்பத்தகுந்ததா தெரியும். சில அறிஞர்கள் சீக்கிரமே பிடிச்சுட்டாங்க, ஆனாலும் அடுத்த நூறு வருஷம் அது திரும்பத் திரும்ப அச்சாச்சு, ராஜ வம்சங்கள் எல்லாம் நோவா வரைக்கும் போற வம்சாவளியை அதுல இருந்து எடுத்துக்கிட்டாங்க. பொய்யைக் கண்டுபிடிக்கிற கருவியும் பொய்யை நல்லா செய்யுற கருவியும் ஒரே பட்டறையில தயாராச்சு. இன்னைக்கு ஒரு படத்தையோ குரலையோ பார்த்து இது நிஜமா ஏஐயான்னு தலையைப் பிச்சுக்கிற நமக்கு வாலாவும் அன்னியஸும் தூரத்து ஆளுங்களா தெரியல எனக்கு. ஆதாரம் மாதிரி இருக்கிறதுக்கும் ஆதாரத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அன்னைக்கு மொழி அறிவு வேணும், பொறுமை வேணும், வருஷக்கணக்குல பழைய லத்தீனைப் படிச்ச காது வேணும்.

சரி, மெடிசி. இதைச் சுருக்கமா சொல்றேன், ஏன்னா இந்த ஒப்பீடுதான் எனக்கு ரொம்ப சீக்கிரம் உடைஞ்சது. ஜோவன்னி 1397-ல பேங்க் தொடங்கினது, மகன் கோஸிமோ 1434-ல நாடு கடத்தலில் இருந்து திரும்பி வந்து பதவி எதையும் பெருசா வெச்சுக்காமலே ஃப்ளோரன்ஸை ஆட்டி வெச்சது, கலைஞர்களுக்குப் பணம் குடுத்தது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. வட்டி பாவம்னு திருச்சபை சொன்ன காலத்துல வட்டியை நாணய மாற்று விலைக்குள்ள ஒளிச்சு வெச்சு சம்பாதிச்ச குடும்பம் அது, அந்தச் சம்பாத்தியம் கோஸிமோவோட மனசாட்சியை உறுத்தினதாவும், பாப்பரசர் யூஜின் சான் மார்கோ மடத்தைப் புதுப்பிக்க 10,000 ஃப்ளோரின், அதாவது ஃப்ளோரன்ஸ் தங்கக் காசு, செலவு பண்ணச் சொன்னதாவும் அவரை நேர்ல தெரிஞ்ச புத்தக வியாபாரி வெஸ்பஸியானோ எழுதியிருக்காரு. பேரன் லொரென்ஸோ குறிச்சு வெச்ச கணக்கு ஒண்ணு இருக்கு, 1434-ல இருந்து 1471 வரைக்கும் குடும்பம் செலவு பண்ணது 6,63,755 ஃப்ளோரின்னு. கலைக்குக் கொட்டின பணம்னு இதைச் சொல்றவங்க உண்டு, ஆனா அதுல கட்டிடம், தானத்தோட வரியும் சேர்ந்திருக்கு. வரி! இன்னைக்குப் பெரும் பணக்காரங்களோட இவங்களை ஒப்பிடுறப்போ அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரும் தூக்கிப் பிடிக்கிறதில்ல. அப்புறம் இந்த பேங்க், லொரென்ஸோ காலத்துலயே லண்டன், ப்ரூஜஸ் கிளைகள் கடன் குடுத்து நாசமாகி, 1494-ல குடும்பத்தையே துரத்தினப்போ முழுசா முடிஞ்சது. நாம நினைக்கிற அந்த ஓவியங்கள் நிறைய, பேங்க் வளர்ந்த காலத்துல வந்ததில்ல, உள்ளுக்குள்ள செல்லரிச்சிட்டு இருந்தப்போ வந்தது. இதை எதோட ஒப்பிடுறதுன்னு எனக்குத் தெரியல, ஒப்பிடாம அப்படியே வெச்சுக்கிறேன்.

பிளேக் பத்தி எழுதும்போது கொஞ்சம் நிதானமா எழுதணும். கோவிட் நேரத்துலதான் நான் இந்தப் புத்தகங்களுக்குள்ள வந்தேன், நம்மள்ல நிறைய பேர் அப்படித்தான்னு நினைக்கிறேன். 1348-ல பிளேக் ஃப்ளோரன்ஸ் ஜனத்தொகையில பாதிக்குமேல கொண்டு போச்சு. மிச்சம் இருந்த உழைப்பாளிக்குக் கூலி கூடுச்சு, அதனால பழைய கட்டுமானம் ஆடுச்சு, அதுல இருந்துதான் மறுமலர்ச்சி பொறந்துச்சுன்னு ஒரு நேர்க்கோடு போடுவாங்க. கூலி கூடினது உண்மைதான். ஆனா 1378-ல கம்பளித் தொழிலாளிங்க, சியோம்பின்னு சொல்லுவாங்க அவங்களை, கிளர்ச்சி பண்ணி தங்களுக்குன்னு சங்கம் வாங்கி சில வாரம் அரசாங்கத்துலயே உட்கார்ந்தாங்க, அந்தக் கோடைக்காலம் முடியுறதுக்குள்ள அடக்கிட்டாங்க, 1382-ல மிச்சம் இருந்த சலுகையும் போச்சு. அதே மாதிரி, ஆள் பத்தலைன்னு 1360-கள்ல ஃப்ளோரன்ஸ் அரசாங்கம் கிறிஸ்தவர் இல்லாதவங்களை அடிமைகளா கொண்டு வர அனுமதி குடுத்துச்சு. கருங்கடல் பக்கத்துல இருந்து கொண்டு வந்த பொண்ணுங்கதான் நிறைய. அந்த அழகான மாளிகைகள்ல அடுப்படியில யார் நின்னாங்கன்னு கேட்டா பதில் இதுதான். "பெருந்தொற்றுக்கு அப்புறம் பொற்காலம்"ங்கிற வாக்கியத்தை 2020-ல நான் எத்தனை பேருக்கு ஆறுதலா அனுப்பினேன்னு நினைச்சா இன்னைக்கு மனசு கனக்குது.

இந்தக் காலத்துலதான் எனக்கு டாட்டீனி கிடைச்சாரு, அவர் மூலமா அவரோட மனைவி. ஃபிரான்செஸ்கோ டாட்டீனி, ப்ராட்டோங்கிற சின்ன நகரத்து வியாபாரி. 1348 பிளேக்ல அப்பா அம்மாவை இழந்தப்போ அவருக்குப் பதிமூணு வயசு வாக்குல. ஃப்ரான்ஸ் பக்கம் அவின்யோன் போய் ஆயுத வியாபாரத்துல ஆரம்பிச்சு, பணக்காரரா திரும்பி வந்து, பல நாடுகள்ல கிளை வெச்சாரு. கணக்குப் புத்தகத்துல முதல் பக்கத்துல "கடவுள் பேராலும் லாபத்தின் பேராலும்"னு எழுதுவாரு, ரெண்டையும் மனசார நம்பினாரு. 1400-ல மறுபடி பிளேக் வந்தப்போ குடும்பத்தோட போலோன்யாவுக்கு ஓடினாரு. 1410-ல சாகும்போது கிட்டத்தட்ட 70,000 ஃப்ளோரின் சொத்தை ஏழைகளுக்குன்னு எழுதி வெச்சுட்டுப் போனாரு. கூடவே ஒரு துண்டுக் காகிதத்தையும் தூக்கிப் போடக்கூடாதுன்னு வெச்சிருந்தாரு போல, சுமார் 1,50,000 கடிதம், நூத்துக்கணக்குல கணக்குப் புத்தகம், எல்லாம் அவர் வீட்டுல மாடிப்படிக்கு அடியில கிடந்து 1870-ல வெளிய வந்துச்சு.

அந்தக் கடிதங்கள்ல மார்கெரிட்டா இருக்காங்க. 1376-ல பதினாறு வயசு வாக்குல கல்யாணம். புருஷன் பாதி நாள் வேற ஊர்ல, அவங்க வீட்டையும் ஆளுங்களையும் பார்த்துக்கிட்டு, கடிதம் மூலமாவே ரெண்டு பேரும் குடும்பம் நடத்துறாங்க. குழந்தை இல்ல. புருஷனுக்கு வீட்டுல இருந்த லூசியாங்கிற அடிமைப் பொண்ணு மூலமா ஒரு மகள் பிறக்குது, ஜினெவ்ரா, அந்தக் குழந்தையை மார்கெரிட்டாதான் தன் பொண்ணா வளர்த்தாங்க. ஆரம்பத்துல அவங்க சொல்லச் சொல்ல வேற யாராவது எழுதுவாங்க. முப்பது வயசு தாண்டினதுக்கப்புறம் தானே எழுதக் கத்துக்கிட்டு சொந்தக் கையெழுத்துல எழுத ஆரம்பிக்கிறாங்க. அவங்க கடிதம் 250 வாக்குல இன்னைக்கும் இருக்கு. புருஷன் சொல்றதை அப்படியே கேட்டுக்கிற ஆள் இல்ல அவங்க, தப்புன்னு பட்டா நேராவே எழுதுவாங்க.

பெண்களுக்கு மறுமலர்ச்சி இருந்துச்சான்னு 1977-ல ஜோன் கெல்லிங்கிற வரலாற்றாளர் ஒரு கேள்வி கேட்டாங்க, அதுக்கப்புறம் இந்தத் துறையே கொஞ்சம் திரும்பிப் பார்த்துச்சு. ஆனா பொது வாசகர் புத்தகங்கள்ல இன்னமும் பெண்கள்னா ஓவியத்துக்கு உட்கார்ந்த முகங்கள்தான் முதல்ல வருது. மார்கெரிட்டா பக்கத்துல நான் "இப்பவும் இதேதான்"னு எழுதியிருந்தேன், புருஷன் வேலை வேலைன்னு அலையுறதைப் பார்த்து எழுதினது போல. அதை அழிச்சிட்டேன். அவ்வளவு பெரிய வாழ்க்கையை அந்த ரெண்டு வார்த்தை எப்படித் தாங்கும்?

இந்த ஒப்பிடுற வேலையே நம்ம கண்டுபிடிப்பு இல்லைன்னு தெரிஞ்சப்போதான் எனக்கு எல்லாம் கொஞ்சம் பிடிபட ஆரம்பிச்சது. 1345-ல வெரோனாவுல, பழைய ரோம்ல பேச்சாளரா அரசியல்வாதியா இருந்த சிசரோவோட கடிதங்களைக் கண்டுபிடிச்ச இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், செத்து ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கும் மேல ஆன அந்த மனுஷனுக்குப் பதில் கடிதம் எழுதினாரு, நீ ஏன் கடைசி காலத்துல அரசியல்ல போய் விழுந்தேன்னு உரிமையா கோச்சுக்கிட்டு. தான் வாழ்ற காலம் இருட்டு, ரோம் காலம்தான் வெளிச்சம்னு நம்பினவரு அவரு. இன்னைக்கு நாம அவரோட காலத்தை வெளிச்சம்ங்கிறோம்! "மறுபிறப்பு"ங்கிற பேரை கலைஞர்களோட வாழ்க்கையை எழுதின வஸாரி 1550-ல கலைக்குச் சொன்னாரு, ஒரு முழு யுகத்துக்கே அந்தப் பேரை ஒட்டினது வரலாற்றாளர்கள் மிஷ்லேயும் புர்க்ஹார்ட்டும், 1855-லயும் 1860-லயும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரங்க தனி மனிதன், நவீன அரசுன்னு தங்களுக்கு முக்கியமா பட்டதை அதுல பார்த்தாங்க. நாம ஸ்டார்ட்அப்பையும் நெட்வொர்க்கையும் பார்க்கிறோம்.

இதுல மாக்கியவெல்லிக்கும் குய்ச்சார்தினிக்கும் நடந்த ஒரு வாக்குவாதம் இருக்கு, அதை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ரெண்டு பேரும் ஃப்ளோரன்ஸ்காரங்க, அரசியல் பத்தி எழுதினவங்க, நண்பர்கள். மாக்கியவெல்லி எதுக்கெடுத்தாலும் ரோமானியர்களைக் கூப்பிடுவாரு. மனுஷ ஆசை எப்பவும் ஒண்ணுதான், அதனால பழசைப் படிச்சா இப்ப என்ன பண்ணணும்னு தெரியும்ங்கிறது அவரோட நம்பிக்கை. குய்ச்சார்தினி, தன் குடும்பத்துக்காக எழுதி வெச்ச குறிப்புகள்ல, பேச்சுக்குப் பேச்சு ரோமானியரை இழுக்கிறவங்க எவ்வளவு ஏமாந்து போறாங்கன்னு எழுதுறாரு. அவங்க நகரம் மாதிரியே நமக்கும் நகரம் அமைஞ்சிருக்கணும், அப்பதான் அந்த உதாரணம் பலிக்கும், இல்லைன்னா கழுதையைப் பிடிச்சு குதிரை ஓட்டம் ஓடச் சொல்ற மாதிரிங்கிறாரு. ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி என்னோட பென்சில் குறிப்புக்கு ஒருத்தர் பதில் எழுதி வெச்சிருக்காரு.

ரொம்ப நாள் நான் குய்ச்சார்தினி பக்கம்தான் சாய்ஞ்சிருந்தேன், அவர் சொல்றதுதான் வரலாற்றுக்கு நேர்மையானதுன்னு. ஆனா மாக்கியவெல்லி 1513 டிசம்பர் 10-ம் தேதி வெட்டோரிங்கிற நண்பருக்கு எழுதின கடிதம் என்னை விடல. அதுக்கு முந்தின வருஷம் வேலை போச்சு, அந்த வருஷ ஆரம்பத்துல சதிகாரன்னு பிடிச்சு கையைப் பின்னால கட்டித் தொங்கவிட்டு வதைச்சாங்க, வெளிய வந்து கிராமத்துப் பண்ணை வீட்டுல ஒதுங்கிக் கிடக்கிறாரு. பகல்ல விறகு வெட்டுற ஆளுங்களோடயும் சத்திரத்துல சீட்டாடுறவங்களோடயும் பொழுது போகுது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேறு ஒட்டின துணியை வாசல்லயே கழட்டிட்டு, அரசவைக்குப் போற உடையைப் போட்டுக்கிட்டு, பழைய ஆளுங்களோட அவைக்குள்ள போவாராம். நீங்க ஏன் அப்படிப் பண்ணீங்கன்னு அவங்ககிட்ட கேட்பாராம். அவங்களும் மனசு வெச்சு பதில் சொல்லுவாங்களாம். நாலு மணி நேரம் எந்தக் கவலையும் தெரியாதாம்.

இந்த வரியை முன்னாடி எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், இந்த முறைதான் கவனிச்சேன், அங்க அவர் கேட்கிறாரு. நீங்களும் நாங்களும் ஒண்ணுதான்னு சொல்லல, ஏன் பண்ணீங்கன்னு கேட்கிறாரு. அந்த ஒரு வார்த்தையில எனக்கு ரெண்டு நண்பர்களும் ஒரே பக்கம் வந்துட்டாங்க. அன்னைல இருந்து ஓரத்துல ஒத்துமையை எழுதுறதை நிறுத்திட்டு கேள்வி எழுத ஆரம்பிச்சிருக்கேன். ட்ரெண்ட் பக்கத்துல: அந்த முதல் பிரதியை அச்சுக் கோத்த கை யாரோடது, கோக்கும்போது அந்த ஆள் அதை நம்பினானா? வாலா பக்கத்துல: இதை எழுதி எண்பது வருஷம் கழிச்சுதான் படிப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பியா? லூசியா பக்கத்துல எழுத ரொம்ப நேரம் ஆச்சு. அவங்க எழுதின ஒரு வரிகூட நான் படிச்ச எதுலயும் இல்ல, அதனால உன் மகளை இன்னொருத்தங்க வளர்க்கிறதைப் பார்த்துட்டே அதே ஊர்ல எப்படி இருந்தேன்னு மட்டும் எழுதினேன்.

மார்கெரிட்டாகிட்ட கேட்க நிறைய இருக்கு. கடைசியில அழிச்ச இடத்துல, பென்சில் தடம் இன்னும் லேசா தெரியுற அந்த ஓரத்துல, ஒண்ணு மட்டும் எழுதி வெச்சிருக்கேன்: முதல் கடிதத்தை சொந்தக் கையால எழுதி மடிச்சு அனுப்பிட்டு, அன்னைக்கு ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வந்துச்சா?